கல்வி ஆய்வு யாருக்காக? சேலம் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பதினாறு ஆண்டுகள் சேலம் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது பி.எட். மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன்; முனைவர் பட்ட ஆய்வாளர்கள் சிலருக்கும் துணை நிற்கிறேன். ஆய்வுக்கு ஆளான ஆசிரியையாகவும் இருந்திருக்கிறேன், பிற ஆசிரியர்களை ஆய்வுக்கு உட்படுத்தியவளாகவும் இருந்திருக்கிறேன். குறுவள மையக் கூட்டங்களிலும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும், ஏற்காடு பஸ்ஸில் பக்கத்து இருக்கையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்வி ஆய்வு என்பது பட்டம் வாங்குவதற்காகச் செய்வதுதானே?

பலர் அதற்காகவே செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஆய்வு பிறக்கும் இடம் வேறு. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் கழித்தல் வரவில்லை. ஏன் என்று ஆசிரியர் மாலையில் நோட்டுகளைப் புரட்டுகிறாரே, அங்கேதான் அது பிறக்கிறது. பல்கலைக்கழகத்தில் நேரமும் நூலகமும் இருக்கின்றன. இருபது பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. வகுப்பாசிரியருக்கு அந்த வசதி இல்லை. ஆனால் குழந்தையைத் தெரிந்தவர் அவர்தான். இந்த இருவரும் ஒரே மேசையில் உட்காராத ஊரில் ஆய்வு காகிதமாகவே நின்றுவிடும்.

பத்து ஆண்டுகளில் எத்தனையோ வினாநிரல்களை நிரப்பித் தந்தேன். அவையெல்லாம் என்ன ஆயின?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆசிரியரை நான் சந்தித்ததில்லை. என் கதையையே சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் ஓர் ஆய்வாளர் எங்கள் பள்ளிக்கு வந்தார். எட்டுப் பக்க வினாநிரல். காலாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் வாரம் அது. இருந்தாலும் உட்கார்ந்து நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில், என் வகுப்பில் பின்னங்கள் ஏன் நடக்கவில்லை என்று தோன்றியதையெல்லாம் நெருக்கி எழுதினேன். என்னை யாரோ கேட்கிறார்கள் என்ற மகிழ்ச்சி எனக்கு. முடிவு வந்ததும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த ஆய்வேட்டை நானே தேடிப் பிடித்துப் படித்தேன். நான் வட்டமிட்ட எண்கள் ஓர் அட்டவணைக்குள் சராசரியாகக் கரைந்திருந்தன. காலி இடத்தில் எழுதியதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அந்த ஆய்வாளரை நான் குறை சொல்லவில்லை. பட்டத்துக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் எல்லாவற்றையும் அவர் நிறைவேற்றியிருந்தார். திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையை யாரும் விதிக்கவில்லை. எனவே, என்னிடம் வரும் ஆய்வாளர்களுக்கு முதல் நாளே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: பள்ளிக்குள் நுழைய அனுமதி வாங்கும் கடிதத்திலேயே, முடிவைச் சொல்லத் திரும்பி வரும் மாதத்தையும் எழுதிவிடுங்கள். தலைமை ஆசிரியர்களிடமும் சொல்கிறேன்: அந்த வரி இல்லாத கடிதத்தை அன்போடு திருப்பிக் கொடுங்கள்.

ஆய்வால் வகுப்பறை உண்மையிலேயே மாறியதுண்டா?

மாறியிருக்கிறது, நம் கண் முன்னாலேயே.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் எவரும் அரும்பு, மொட்டு, மலர் என்ற சொற்களை அறிவார். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அப்படித்தான் பிரிக்கப்படுகிறார்கள். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை விட, எந்த நிலையில் படிக்கிறார்கள் என்பதைப் பார்த்துக் கற்பிக்கும் இந்த எண்ணத்துக்குப் பின்னால் இருபது ஆண்டு ஆய்வு இருக்கிறது. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து அந்த வட்டாரத்து இளம்பெண்களைக் கொண்டு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய அந்த முயற்சியை, அது நடந்த பள்ளிகளையும் நடக்காத பள்ளிகளையும் ஒப்பிட்டு அளந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உண்டு. பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது தெளிவாகத் தெரிந்தது. மைக்கேல் கிரெமரோடு இவ்விருவருக்கும் 2019இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னும் அருகில் ஒன்று. கொரோனாவுக்காகப் பள்ளிகள் 18 மாதம் மூடியிருந்தன அல்லவா? கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். 2021 டிசம்பரில் பெரிய இழப்பு தெரிந்தது; மொழியை விடக் கணக்கில் அதிகம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கணக்கிட்டார்கள். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்த நம் ஊர்ப் பெண்களின் உழைப்புக்கு ஓர் எண் கிடைத்தது. அந்தத் தன்னார்வலர்களில் சிலரிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகத்தில் பார்த்த மலர்ச்சியை நான் மறக்கவில்லை. அதுவரை அவர்களிடம் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

நாளைக் காலை வகுப்பிலேயே பயன்படுத்தக்கூடியது ஏதாவது சொல்லுங்கள்.

2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பத்தியை ஒரு குழு நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு ஏறத்தாழ 40 சதவீதம்தான் நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

ஆகவே வகுப்பு தொடங்கியதும் நோட்டை மூடச் சொல்லி, நேற்று நடந்ததில் நினைவிருப்பதை ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம், சிவப்பு மையும் வேண்டாம். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து அவர்களே சரிபார்க்கட்டும். செலவு ஒரு துண்டுத் தாள்.

சந்தையில் மின்னல் வேகத்தில் கணக்குப் போடும் பிள்ளை பரீட்சையில் ஏன் தோற்கிறான்?

கணக்கு ஆசிரியையாக என்னை இரவெல்லாம் விழிக்க வைத்த கேள்வி இது. மாம்பழ சீசனில் தாயோடு கூடையருகே உட்காரும் பிள்ளை, சேலம் குண்டு இரண்டு கிலோ, மல்கோவா ஒன்றரை என்று வாங்குபவருக்கு, ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு மீதிச் சில்லறையைக் கண்ணிமைக்காமல் எண்ணித் தருகிறான். அவனையே கரும்பலகைக்கு அழைத்து அதே எண்களை எழுதினால் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றுவிடுகிறான். வகுப்பு சிரிக்கிறது. அவனை மக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடும் வழக்கம் நமக்கு உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெரேசினா நூனெஸும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வு என் கண்ணைத் திறந்தது. தெருவில் பொருள் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் அவர்கள் வாடிக்கையாளர் போலப் போய்ப் பொருள் வாங்கினார்கள். பிள்ளைகள் 98 சதவீதக் கணக்குகளைச் சரியாகச் செய்தார்கள். பிறகு அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தார்கள். 37 சதவீதம்தான் சரி. நான்கு தேங்காய், ஒன்று 35 என்றால் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூன்றுக்கு 105, அதோடு 35 சேர்த்தால் 140 என்று மனத்திலேயே கூட்டிச் சொன்னான். அதே பிள்ளை 35ஐ நான்கால் பெருக்கு என்ற தாளில் 200 என்று எழுதினான். பள்ளியில் கற்ற ‘இரண்டைக் கையில் வைத்துக்கொள்’ என்பதைத் தவறான இடத்தில் கூட்டியிருந்தான். 140 என்று தானே சொன்னது அவன் நினைவுக்கு வரவே இல்லை, பாருங்கள். பள்ளிக் கணக்கு வேறு உலகம் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

இது எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிட முடியாது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2025இல் வெளியானது. அங்கும் இதே பிளவு. அதோடு மறுபக்கமும் தெரிந்தது: பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகள் தாள் கணக்கில் தேறினார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். அப்படியென்றால் இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் பாலம் போடாமல் விட்டது நாம்தான்.

அந்தப் பாலத்தைச் சேலத்தில் எங்கே தொடங்குவது?

பிள்ளையின் வீட்டில். அமெரிக்காவின் டூசான் நகரில் லூயிஸ் மோலும் அவருடைய குழுவும் ஆசிரியர்களையே ஆய்வாளர்களாக்கி, மெக்சிகோ வழிவந்த மாணவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். 1992இல் அதைப் பற்றி எழுதினார்கள். புகார் சொல்லவோ அறிவுரை வழங்கவோ அந்த ஆசிரியர்கள் போகவில்லை. அந்த வீட்டுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டுக் கற்றுக்கொள்ளப் போனார்கள். விவசாயம், கட்டட வேலை, மருந்து மூலிகை என்று வீடு நிறைய அறிவு இருந்தது. அதை வகுப்புப் பாடமாக்கினார்கள்.

என் பி.எட். மாணவர்களை அவ்வாறே செவ்வாய்ப்பேட்டைக்கும் சிவதாபுரத்துக்கும் அனுப்பினேன். கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒரு தாத்தா, என் மாணவி ஒருத்திக்கு மாலை முழுவதும் சேதாரக் கணக்கை விளக்கினார். ஒரு கிலோ வெள்ளி வாங்கி வந்தால், முடிந்த கொலுசின் எடையும், மிஞ்சிய துண்டின் எடையும், ஒப்புக்கொண்ட சேதாரமும் கூடி ஒரு கிலோவுக்கு வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தால் கூலியில் கை வைப்பார்கள். சமன்பாட்டுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஆத்தூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் மரவள்ளி விவசாயியிடமிருந்து பாயிண்ட் கணக்கைக் கொண்டுவந்தான். ஜவ்வரிசி ஆலையில் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். பாயிண்ட் குறைந்தால் லாரி நிறையக் கிழங்கு ஏற்றியும் கையில் வருவது குறைகிறது. விகிதம், சதவீதம், அளவீட்டில் வரும் பிழை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அந்தப் பாடத்தை நடத்திய நாளில், வழக்கமாகக் கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளை எழுந்து ஆசிரியரைத் திருத்தினான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் பட்டறையில் உட்கார வேண்டும் என்பதற்கு இது வாதம் ஆகாது. பிள்ளை பள்ளியில்தான் இருக்க வேண்டும். தாத்தாவின் அறிவும் அங்கே வரவேண்டும்.

சேர்வராயன் மலையில் இருக்கும் பள்ளிகளுக்கு ஆய்வு என்ன செய்யும்?

முதலில், மலையை ஒரே ஊராகப் பார்ப்பதை நிறுத்த வைக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்குள் நுழைந்தால், வெள்ளையர் காலத்திலேயே பெயர் பெற்ற உறைவிடப் பள்ளிகள் ஒருபுறம். ஏரியைத் தாண்டி உள்ளே போனால் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். இரண்டுக்கும் இடையே காபித் தோட்டங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காபியைக் கொண்டுவந்த நாள் முதல் இந்த மலையின் நாட்காட்டியைக் காபிச் செடியே எழுதுகிறது. நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கினால் தோட்டம் ஆட்களை இழுக்கும். காபி முடியும் தறுவாயில் மிளகு. பள்ளி நாட்காட்டியோ அதே மாதங்களில் அரையாண்டுத் தேர்வையும் திருப்புதலையும் வைத்திருக்கிறது. இரண்டு நாட்காட்டிகளும் மோதும்போது வருகைப் பதிவேட்டில் சிவப்புக் குறி விழுகிறது.

இரண்டாவது, மொழி. மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். வெளியூர் ஆய்வாளர்கள் கேரள மக்களோ என்று மயங்குவதுண்டு. அவர்கள் தமிழ் பேசுபவர்கள், ஆனால் அவர்கள் வீட்டுத் தமிழுக்கு அதற்கே உரிய சொற்களும் ஓசையும் உண்டு. முதல் வகுப்பில் நுழையும் குழந்தை வாய் திறந்ததும், அப்படிச் சொல்லாதே என்று ஆசிரியர் திருத்துகிறார். நான்கு முறை திருத்தினால் ஐந்தாம் முறை குழந்தை பேசாது. பேசாத குழந்தையைக் கூச்ச சுபாவம் என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். பல்கலைக்கழகத்துத் தமிழ்த் துறையும் கல்வியியல் துறையும் சேர்ந்து உட்கார்ந்து, அந்தக் குழந்தைகளின் வீட்டுச் சொற்களைத் தொகுத்து முதல் வகுப்பு ஆசிரியர் கையில் கொடுத்தால் போதும். வீட்டுச் சொல்லில் கதை தொடங்கி, மெல்லப் பாடநூல் தமிழுக்கு நடத்திப் போகலாம். கல்வராயன் மலையில் கருமந்துறைப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். இப்படி ஒரு கையேட்டை ஒவ்வொரு மலைப் பள்ளி மேசையிலும் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நான் வகுப்பாசிரியர். நானே ஆய்வு செய்யலாமா?

தாராளமாக. இதற்குச் செயலாராய்ச்சி என்று பெயர். உளவியலாளர் கர்ட் லெவின் 1946இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. உத்தமசோழபுரத்தில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்குப் போன எவருக்கும் இந்தச் சொல் பழக்கம்தான். ஆனால் படிவத்தைக் கண்டு பயந்து பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஐந்தாம் வகுப்பில் 403இலிருந்து 168ஐக் கழிக்கச் சொன்னீர்கள். விடை 235. பதினொரு பிள்ளைகள் 365 என்று எழுதியிருக்கிறார்கள். கவனக்குறைவு என்று சிவப்பில் சுழித்துவிட்டுப் போகாதீர்கள். எட்டிலிருந்து மூன்று போக ஐந்து, ஆறிலிருந்து சுழியம் போக ஆறு, நான்கிலிருந்து ஒன்று போக மூன்று. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது, அது தவறான விதி. இப்போது உங்கள் கையில் ஆய்வுக் கேள்வி வந்துவிட்டது. அந்தப் பதினொரு பேருக்கு நூறு ரூபாய்த் தாளும் பத்து ரூபாய்த் தாளும் வெட்டிக் கொடுத்து, கடையில் சில்லறை மாற்றுவது போல ஒரு வாரம் செய்ய வையுங்கள். வார முடிவில் வேறு எண்களோடு ஒரு தேர்வு, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. அந்த இரண்டாவது தேர்வை யாரும் வைப்பதில்லை; ஒட்டியதா உதிர்ந்ததா என்பதை அதுதான் காட்டும். யாருக்கு வரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். நான்கு பக்கம் போதும். புள்ளியியல் சூத்திரம் எதுவும் வேண்டாம்.

புதிய முறையைக் கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைக்கும் பிள்ளைகளைக் கட்டுப்பாட்டுக் குழு என்கிறார்களே. பாதிப் பிள்ளைகளுக்கு நல்லதைக் கொடுக்காமல் வைப்பது நியாயமா?

நல்ல கேள்வி, நேர்மையான பதில் தேவை. புதிய முறை நல்லதுதானா என்பது தெரியாததால்தான் சோதிக்கிறோம். ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால், பிள்ளைகள் வயதோடு வளர்ந்ததையும் நம் முறையின் வெற்றியாக எண்ணிவிடுவோம். ஆனாலும் சோதனை முடிந்து பலன் தெரிந்ததும், காத்திருந்த குழுவுக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும். அந்தச் செலவையும் நாட்களையும் ஆய்வுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். ஒதுக்காத திட்டத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

பெற்றோராக எனக்கு என்ன உரிமை?

உங்கள் குழந்தையைப் பற்றி என்ன எழுதுகிறார்கள், எதற்கு, யார் படிப்பார்கள் என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்லக் கேட்கலாம். மறுக்கலாம்; பாதியில் விலகலாம். தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டது உங்கள் ஒப்புதல் ஆகாது. பெயரோ படமோ அடையாளம் தெரியும்படி வெளியாகக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். ஆய்வாளரை அந்தக் கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கேள்வி கேளுங்கள்.

இதுவரை நம்பியதைக் கைவிடச் சொல்லும் ஆய்வும் உண்டா?

உண்டு, அது வலிக்கும். சில பிள்ளைகள் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால், சிலர் கையால் என்று பிரித்து அந்தந்த வழியில் கற்பிக்க வேண்டும் என நானே பல பயிற்சிகளில் சொல்லியிருக்கிறேன். பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் அதற்கான சான்றுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். பாடத்துக்கு எது பொருந்துமோ அதைச் செய்ய வேண்டும்: வரைபடத்தை எல்லாரும் பார்க்க வேண்டும், செய்யுளை எல்லாரும் கேட்க வேண்டும். நான் தவறாகச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களில் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லி வருகிறேன்.

முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறேன். என்ன எடுக்கலாம்?

‘சேலம் மாவட்ட மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் மனப்பான்மை’ என்று தொடங்கும் தலைப்பை மட்டும் எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆண் பெண், நகரம் கிராமம், அரசு தனியார் என்று பிரித்து, குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு அல்லது இல்லை என்று முடியும் ஆய்வேடுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. வேறுபாடு இருந்தால் திங்கட்கிழமை காலையில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? அதற்குப் பதில் இல்லாத தலைப்பு எனக்கு உவப்பில்லை.

பள்ளிக்குப் போய் ஒரு மாதம் உட்காருங்கள். ஆசிரியர் ஓய்வறையில் எது திரும்பத் திரும்பப் புலம்பலாக வருகிறதோ அங்கே உங்கள் தலைப்பு இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை ஏன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறது, உறைவிடப் பள்ளியில் இரவு ஏழு மணிக்குப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வெள்ளிப் பட்டறைத் தெருவில் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர்களில் யார் திரும்பி வந்தார்கள், அவர்களைத் திரும்ப வைத்தது எது? இவற்றை நெறியாளர் மறுத்தால் பொறுமையாக மறுபடி கேளுங்கள்.

வந்த ஆய்வேடுகளை எங்கே படிப்பது?

சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஏற்றப்படுகின்றன. கட்டணம் இல்லை. உங்கள் மாவட்டத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

உதவிக்கு யாரை அணுகுவது?

குழப்பம் வருவது இயல்பே. கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கியது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி அதன் எல்லை. ஆனால் இங்குள்ள பி.எட். கல்லூரிகளின் இணைப்போ 2008இல் சென்னையில் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு. பணியில் இருக்கும் ஆசிரியருக்குப் பயிற்சி, உத்தமசோழபுரத்து நிறுவனம் வழியாகவும் வட்டார வள மையம் வழியாகவும் வருகிறது. மூன்று வீட்டுக்கும் மூன்று வாசல். செயலாராய்ச்சிக்கு உத்தமசோழபுரம், ஆய்வாளரின் துணை வேண்டுமானால் கருப்பூர், பள்ளிக்கு அருகே இருக்கும் பி.எட். கல்லூரியில் கற்பித்தல் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் எல்லாவற்றுக்கும். ஒரே மாணவர் ஒரே பள்ளியில் வாரக்கணக்கில் இருக்கப் போகிறார் என்பதால், தரவு திரட்டவும் வீடுகளுக்குப் போகவும் அவரை விடப் பொருத்தமானவர் இல்லை.

ஆய்வு முடிவை ஊரில் எப்படிச் சொல்வது? படிக்காதவர்களுக்குப் புரியுமா?

நான் சேர்வராயன் மலையில் பார்த்ததைச் சொல்கிறேன். என் ஆய்வு மாணவி ஒருவர் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டை மாதவாரியாக அலசியிருந்தார். அறுவடை மாதங்களில் வருகை விழுவதும், அதிலும் பத்து வயதைக் கடந்த பெண் பிள்ளைகளே அதிகம் நிற்பதும் தெரிந்தது. பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்பதே காரணம் என்று அவர் எழுதி முடித்துவிட்டார். ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன் ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்; நானும் உடன் போனேன்.

மாலை ஆறு மணி, பள்ளித் திண்ணை. மாதத்துக்கு ஒரு கட்டம் என்று கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் வரைந்தார். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. டிசம்பர்க் கட்டம் குட்டையாக இருப்பதைப் பார்த்ததும், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாய் எழுந்தார். பழம் பறிப்பில் கிலோவுக்குக் கூலி என்பதால் தானும் கணவரும் விடியும் முன்னே தோட்டத்துக்குப் போய்விடுவதாகவும், இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை என்றும், அதனால்தான் மூத்த மகள் நின்றுவிடுவதாகவும் சொன்னார். அங்கன்வாடி காலையில் இன்னும் சீக்கிரம் திறந்தால் அவள் பள்ளிக்கு வருவாளே என்றார். பின்னால் இருந்த மூன்று பெண்கள் தங்கள் வீட்டிலும் அதுதான் என்றார்கள். ஒரு முதியவர், எந்தெந்த வாரம் பறிப்பு உச்சத்தில் இருக்கும் என்று தேதி சொல்லிக் கொடுத்தார். மாணவி சாக்பீஸை வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். இருட்டியதும் யாரோ டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் இயலை அவர் முழுவதும் மாற்றி எழுதினார். அங்கன்வாடி நேரம் பற்றிய மனு, கட்டம் போட்ட தாளோடு, பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் போயிருக்கிறது.